பெயர் வைக்காத ஃபைல்

"அம்மா, முதல்ல மௌஸ்ல இருந்து கையை எடு. பதற்றத்துல எதையாவது அமுக்கி வைக்காத."

தண்ணீர் ஜாடியில் சாய்த்து நிறுத்தியிருந்த போனிலிருந்து மகளின் குரல் வந்தது. அம்மா சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டேன் வாலு."

மணி நாலரை. ஐந்துக்குள் அனுப்பினால்தான் நாளைய பேப்பரில் விளம்பரம் வரும். நாளை மறுநாள் வந்து பிரயோஜனமில்லை. மூன்று நாளாக ஒற்றை விரலால் தட்டி, அழித்து, மறுபடி தட்டிய நான்கு வரி. நேற்று சேமித்தாள். இன்று காணோம்.

"உடனே கம்ப்யூட்டர் தின்னுடுச்சுன்னு ஆரம்பிக்காத. அது என்ன நம்ம வீட்டுப் பூனையா? ஃபைல் எங்கயும் போகாது. வச்ச இடத்தை நீ மறந்திருப்ப, அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கோ. தலைமேலதான் இருக்கும், பாரு."

தலைமேல்தான் இருந்தது. அம்மா சிரித்தாள்.

"போதும்டி கழுதை, தண்ணி குடி" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, மகள் இருமினாள். மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

அப்பா தன் போனைப் பொத்திப் பிடித்தபடி கதவருகே வந்து நின்றார். "பேப்பர் ஆபீஸ்ல இருந்து மறுபடியும் கூப்பிடறாங்க. கிடைக்கலன்னா வாயால சொல்லிடேன், அவங்களே எழுதிக்கிறாங்களாம்."

அம்மா ஜாடியில் சாய்ந்திருந்த போனைத் தொட்டாள். மகள் பேச்சை நிறுத்தினாள்.

"வாயால என்னால சொல்ல முடியாதுங்க. நீங்க சொல்றீங்களா?"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு, "அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்று போனில் சொல்லிக்கொண்டே கூடத்துக்குப் போனார்.

அம்மா மறுபடி போனைத் தொட்டாள்.

"கீழே மஞ்சள் ஃபோல்டர் தெரியுதா? அதை ஒரு தடவை அமுக்கு. ஒரே ஒரு தடவை... ரெண்டு தடவை அமுக்கியிருப்ப. சரி விடு, இன்னொண்ணு அமுக்கு."

இரண்டு தடவைதான் அமுக்கியிருந்தாள்.

"இப்ப 'டாக்குமெண்ட்ஸ்' உள்ள போ. மேலே 'டேட்'னு இருக்கறதை அமுக்கு. கடைசியா வச்சது முதல்ல வந்து நிக்கும். நீ பேர் வச்சிருக்க மாட்ட, எனக்குத் தெரியாதா? பேர் வைக்கலன்னா, நீ எழுதின முதல் வார்த்தையையே அது பேரா வச்சுக்கும். என்ன வார்த்தைன்னு படி பார்க்கலாம்."

வந்து நின்றது. அம்மா படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை.

"கிடைச்சுதா? நான்தான் சொன்னேன்ல. உனக்கு எல்லாம் வரும்மா, பயம்தான் வேண்டாம்."

"கிடைச்சுதுடி. நீ சாப்பிட்டியா?"

மகள் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு ஐம்பதுக்கு மெயில் போயிற்று. சற்று நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வந்துடுச்சும்மா. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுக் காட்டிடறேன். பேர் போடற இடத்துல 'வாலு'ன்னு இருக்கே, தப்பா விழுந்துடுச்சா?"

"இல்ல சார். அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்."

அந்தப் பக்கத்துக் குரல் தணிந்து படித்தது.

"வாலு, நீ போய் இன்றோடு ஒரு வருடம். இதை நானே அடித்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடி. அம்மா... சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு."

அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதே என்று மகள் எப்போதோ பதிந்து அனுப்பியிருந்த அந்த ஏழு நிமிடக் குரலை, அம்மா விரலால் ஆரம்பத்துக்கு இழுத்துவிட்டாள். பிறகு மௌஸின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா, முதல்ல மௌஸ்ல இருந்து கையை எடு."