வண்டிக்கு வைத்த பொட்டு

பைபாஸில் வண்டி நான்காவது முறையாகத் தானே பிரேக் போட்டு நின்றது. எதிரே ஒரு நாய்கூட இல்லை. "முன்னால் தடை" என்று வண்டி கொஞ்சலாகச் சொன்னது. பக்கத்து இருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த தில்லைநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாம்.

"உன் வாயில மண்ணு விழ" என்று ஸ்டியரிங்கைக் குத்திவிட்டு, அவர் மனைவி மங்கையர்க்கரசி கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். எடுத்தவன் நிதானமாகப் பேசினான்.

"முன்பக்க கேமரால ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க மேடம்."

இறங்கிப் பார்த்தாள். காலையில் ஆயுத பூஜைக்கு அவளே வைத்த சந்தனமும் குங்குமமும் வெயிலில் இறுகிக் கிடந்தன. வண்டியின் நெற்றி போல நடுவில் கறுப்பாக, வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கிறதே என்று அதன்மேல்தான் அப்பியிருந்தாள்.

"பொட்டுதான் இருக்கு."

"அதான் மேடம். பொட்டை அழிச்சிடுங்க."

"என்னடா சொன்ன?"

"பொட்டை அழிச்சாத்தான் மேடம் வண்டி நகரும்."

"கட்டையில போறவனே! யார்கிட்ட என்ன பேச்சுடா பேசுற? உன் வீட்டுல போய்ச் சொல்லு!"

போனைப் புதரில் வீசினாள். முன்கண்ணாடிக்கு அப்பால் அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை எச்சிலில் நனைத்தாள். அவரைப் பார்க்காமல் குனிந்து, வட்டத்தை அழுத்தித் துடைத்தாள்.

உள்ளே திரை முழுக்க அவள் முகம் வந்தது. "முன்னால் தடை" என்றது வண்டி, இன்றைக்கு முதல்முறையாகச் சரியாக. பக்கத்து இருக்கையில் கண்கள் மூடியிருந்தன.