லைனிங் துணி

தார்ப்பாயைக் காணோம்.

ஆட்டோவிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடுப்பில் பெல்ட். கையில் ஊன்றுகோல். முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து, சென்னையில் மகள் வீட்டில் பதினான்கு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு இன்றுதான் கோயமுத்தூருக்குத் திரும்புகிறார். வந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தார்.

அவர் காரின்மேல் இறுக்கிக் கட்டிவிட்டுப் போன நீலத் தார்ப்பாய் இப்போது ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. நான்கு மூங்கில் நட்டு, பந்தல் மாதிரி. ஆடிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாவல்பழம் விழுந்து விழுந்து அதன் நீலம் போய் ஊதாவாகியிருந்தது.

நீளம் போதவில்லை. பானெட் நுனி ஒரு முழம் வெளியே நின்றது.

காரை மூடி ஏதோ ஒரு துணி.

"பிளாஸ்டிக்க நேரா பெயிண்ட் மேலயா போட்டீங்க?" என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் கேட்டிருந்தார். பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவர். "போச்சு போங்க. அடியில ஈரம் நின்னு கொப்புளம் கட்டிரும்."

அன்றிலிருந்து முதுகைவிட அதுதான் வலித்தது.

முப்பத்திரண்டு வருஷம் மில்லுக்குச் சைக்கிள் மிதித்து, ஓய்வு பெற்ற காசில் வாங்கிய கார். அரக்குச் சிவப்பு. யார் நகமும் படவிட மாட்டார். சாய்ந்து நின்று பேசினால்கூட, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார்.

கிட்டே போய்த் துணியின் ஓரத்தைத் தூக்கினார்.

கதவை மேலும் கீழும் பார்த்தார்.

கொப்புளம் இல்லை. கறை இல்லை. காக்கை எச்சம் அரித்த தடம்கூட இல்லை. கதவில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. இளைத்துப்போன முகம். கார் இளைக்கவில்லை.

அப்புறம்தான் துணியைப் பார்த்தார்.

பச்சை, மஞ்சள், ரோஸ், மாம்பழ நிறம். கையகலத் துண்டுகள், ஐந்நூறாவது இருக்கும். ஒன்றோடொன்று சேர்த்து, கண்ணாடிக்கு வளைத்து, சக்கரம்வரை இறக்கித் தைத்திருந்தது. அத்தனையும் ப்ளவுஸ் லைனிங். சுத்தப் பருத்தி. காற்றுப் போகும், கீறல் விழாது.

தெருவில் ப்ளவுஸ் தைப்பது ஒரே ஒருத்திதான். அடுத்த வீட்டு மரகதம்.

அவளோடு பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

எல்லாம் இந்த நாவல் மரத்தால். மரம் அவள் வாசலில், கிளை அவர் கார்மேல். வெட்டு என்றார் அவர். முடியாது என்றாள். அவளுக்கு அந்த நிழல்தான் கடை. வீட்டுக்குள் தகரக் கூரை கொதிக்கும். மரத்தடியில் மிஷினைப் போட்டால்தான் பகலில் தைக்க முடியும்.

அதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் மாநகராட்சியில் ஒரு மனுக் கொடுத்தார். வேர் ஓடி என் வீட்டுச் சுவர் விரிந்துவிட்டது, மரம் எந்நேரமும் விழலாம் என்று.

சுவரில் மயிரிழை விரிசல் கிடையாது.

மனுவுக்கு வந்த பதில், நோட்டீஸாக மரத்திலேயே ஒட்டியிருந்தது. வரும் வியாழக்கிழமை மரம் அகற்றப்படும். மனுதாரர் என்ற இடத்தில் அவர் பெயர், அப்பா பெயரோடு, கொட்டை எழுத்தில். தேதி, பத்து நாளைக்கு முந்தையது.

பத்து நாளாக அவள் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தைத்திருக்கிறாள்.

அவர் துணிக்கடியில் கைவிட்டுக் காரைத் தடவினார். தூசி ஒட்டவில்லை. கதவிடுக்கில் விரல் நனைந்தது.

இன்று காலையும் கழுவியிருக்கிறாள்.

சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. ஆட்டோக்காரர் முன்னால் துடைக்கவும் கூச்சமாக இருந்தது.

மரத்தடியில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மரகதம் தலை தூக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"மரத்த வெட்ட மாட்டேன்னுதானுங்ணா சொன்னேன். வண்டியப் பாத்துக்க மாட்டேன்னு சொல்லலீங்களே."

நன்றி என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் எந்த மூலைக்கு?

"பேனா இருக்குங்களா அம்மிணி?"

அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு நீட்டினாள்.

"போயிராதீங்க தம்பி" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். "மாநகராட்சி ஆபீஸ் வரைக்கும் போவோணும்."

தாளைப் பானெட்டின்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். அடியில் துணி மெத்தென்று இருந்தது. முதல் எழுத்திலேயே பேனா தாளைப் பொத்துக்கொண்டு போனது.

துணியைச் சுருட்டித் தள்ளினார். வெறும் பெயிண்ட்மேல் தாளை வைத்தார். முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். முதுகு சுரீரென்றது. அழுத்தி எழுதினார்.

ஐயா, என் சுவரில் விரிசல் எதுவும் இல்லை. மரத்துக்கும் ஒரு கோளாறும் இல்லை. முன்பு நான் எழுதிக் கொடுத்தது பொய்.

பொத்தென்று ஒரு பழம் விழுந்தது. தாளுக்கு இரண்டு விரல் தள்ளி, பானெட்மேல். ஊதாச் சாறு தெறித்து வழிந்தது.

"ஐயோ, தொடைங்ணா! கறை புடிச்சுக்கும்!"

மரகதம் மிஷினை விட்டு எழுந்து, ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

"இருக்கட்டுங்க அம்மிணி" என்றார் அவர், நிமிராமல். "இன்னும் கையெழுத்துப் போடல."