பட்டியல் திறக்கவில்லை

ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. துறைமுக நிர்வாகக் கட்டடம், இரண்டாவது மாடி. முந்தின நாள் மாலை முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடன் கவிழ்ந்த பயணிகள் படகிலிருந்து மீட்கப்பட்டவர்களின் பட்டியலை வெளியிட்டுவந்த இணையதளம், காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் நான்கு முறை உறைந்து நின்றது.

நான்காவது முறை மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“இங்க யாராவது லிஸ்ட்டைத் திறந்து பாத்துட்டிருக்கீங்களா? நம்ம வேலை சர்வரை ஓட வைக்கிறது. வேடிக்கை பாக்கறது இல்ல.”

பிறகு பொறியாளர் பக்கம் திரும்பினார்.

“சர்வரை எழுப்பியாச்சா?”

“இப்பத்தான் எழுப்பினேன் சார்,” என்றாள் அவள்.

“புதுசா எத்தனை பேரு ஏறியிருக்கு?”

“பதினாலு.”

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது.

“மேலிடத்துக்கு எண்ணிக்கை சொல்லணும்ல, அவருக்கு அவர் கவலை,” என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த ரேடியோ. வாய் ஓயாததால் அலுவலகம் வைத்த பெயர். “அந்த மனுஷனுக்கு நெஞ்சுக்குள்ள என்ன, சிமெண்டா?”

“நீ கொஞ்சம் ஆஃப் ஆகு. நான் யோசிக்கணும்.”

எழுப்பிய சர்வரின் மெமரி மறுபடி நிரம்பத் தொடங்கியிருந்தது. முக்கால் மணி நேரத்துக்குள் தலை வரை வந்துவிடும். வந்ததும் எல்லாம் நின்றுவிடும். ஜன்னலுக்குக் கீழே, கேட்டுக்கு வெளியே இருநூறு பேராவது நின்றிருந்தார்கள். எல்லார் கட்டைவிரலும் கைபேசித் திரையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே இருந்தது.

“இவ்வளவு கூட்டம் கேட்டா எந்த மெஷின்தான் தாங்கும்?” ரேடியோவால் ஐந்து நிமிடம்கூட ஆஃப் ஆக முடியவில்லை.

“கூட்டம் இல்லடா. வெளியிலேருந்து வர்றவங்களுக்கு வாசல்லயே தடுப்பு போட்டிருக்கோம். ஒரு ஆளு நிமிஷத்துக்கு மூணு தடவைதான் கேக்க முடியும். அதுக்கு மேல வந்தா அங்கயே திருப்பி அனுப்பிடும்.”

“அப்ப மெமரியை எது திங்குது?”

அதைத்தான் அவள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். ஒருவர் ஒரு பெயரைத் தேடினால், மருத்துவமனைகள் அனுப்பிய புகைப்படங்களோடு மொத்தப் பட்டியலையும் சர்வர் மெமரியில் ஏற்றிக்கொள்ளும். பதில் சொல்லி முடித்த பிறகுதான் இறக்கி வைக்கும். முதல் பதில் வருவதற்குள் அதே ஆள் மறுபடி மறுபடி கேட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பட்டியல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பதில் கிடைக்காமல் காத்திருந்த கேள்விகளை, அவை வந்த இடம் வாரியாக அவள் பிரித்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் ஆயிரத்து எழுநூறு ஒரே கணினியிலிருந்து வந்திருந்தன. அந்தக் கணினி வாசலுக்கு வெளியே இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தடுப்பு போட வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை.

“உள்ளேருந்துதான்டா போகுது. பதினேழாம் நம்பர் மெஷின். யாருது பாரு.”

ரேடியோ பதிவேட்டைப் புரட்டினான். அன்று முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான்.

“மேனேஜர் ரூம். எண்ணிக்கை எடுக்கறதுக்கு ஏதோ தானா ஓடற மாதிரி எழுதி விட்டிருப்பார். நம்மளை அந்தக் காய்ச்சு காய்ச்சிட்டு, கடைசில அவரே...”

“நீ இரு. நான் போய்க் கேக்கறேன்.”

மெமரி எண்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கதவைத் தட்டும் பொறுமை அவளுக்கு இல்லை. மேனேஜர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சார், சர்வரைப் படுக்க வைக்கிறது உங்க மெஷின்தான். அரை செகண்டுக்கு ஒரு தடவை கேட்டுட்டே இருக்கு. வெளியில ஜனங்க சொந்தக்காரங்க பேரைப் பாக்க முடியாம வெயில்ல நிக்கறாங்க. உங்களுக்கு எண்ணிக்கை வேணும்னா நானே எழுதிக் கொண்டாந்து தர்றேன்.”

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

“அரை செகண்டா? அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவைன்னுல்ல நெனச்சேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “ஐயாயிரம் மில்லிசெகண்டுன்னு போடறதுல ஒரு சைபரை விட்டுட்டேன் போல. புரோகிராம் எழுதிப் பத்து வருஷம் ஆச்சு.”

“நிறுத்துங்க சார்.”

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீயே நிறுத்திடும்மா.”

அவள் நிறுத்தினாள். கூடத்திலிருந்து ரேடியோவின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

“இறங்குது! எழுபது... அம்பது... முப்பதுக்கு வந்துடுச்சு! பட்டியல் திறக்குது!”

அப்போதுதான் அவள் திரையைப் படித்தாள். எண்ணிக்கை எதுவும் அதில் இல்லை. மேலே ஓர் இளைஞனின் பெயரும், வயது பத்தொன்பது என்ற குறிப்பும் இருந்தன. கீழே நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரே பதில்: ‘பட்டியலில் இல்லை.’

“இனிமே வெளியில எல்லாருக்கும் திறக்குமாம்மா?”

“திறக்கும் சார்.”

மேனேஜர் கைபேசியை எடுத்தார்.

“வீட்டுல அவன் அம்மா காலையிலேருந்து திறக்கலை, திறக்கலைன்னு அழுதுட்டிருக்கா. இப்பப் பாக்கச் சொல்றேன்.”