வரியை மறைந்தார்

“முனகல் மன்னர் என்று நாம் கொண்டாடும் பாடகர், இதே நாளில், திறந்தவெளி அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது, பாட்டின் கடைசி வரியை மறைந்தார்” என்றது வானொலி.

‘இசையில் இன்று’ நிகழ்ச்சி. ஒரு கிதார்க் கலைஞர் பிறந்ததையும் ஓர் இசைக்குழு உடைந்ததையும் சொன்ன அதே துள்ளலோடு அறிவிப்பாளர் இதையும் சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டாள்.

தன்வினை பிறவினை தெரியாதவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால், இப்படித்தான் உயிரோடு இருப்பவரைக் குழியில் இறக்க நேரும்.

சமையலறையில் கரண்டி விழுந்த ஓசை கேட்டது.

கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்த பாடலாசிரியர் திரும்பவில்லை. ஊர் அவரைப் புலவர் என்றே அழைக்கும். ஒரு கன்னம் வழித்தாயிற்று. மறு கன்னத்தில் நுரை.

மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“என்னங்க, அண்ணன் போயிட்டாராம்.”

அவளுக்குப் பாடகர் அண்ணன்தான். அவருடன் கணவர் பேச்சை முறித்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் அவள் முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

“போகலை. ‘வரியை’ன்னு சொன்னா. ரெண்டாம் வேற்றுமை வந்துடுச்சு. செயப்படுபொருள் இருக்கும்போது மனுஷன் எப்படிச் சாவான்?”

“உங்க இலக்கணத்துல இடி விழ. ஆள் இருக்காரா, இல்லையா?”

“இருக்கான்.”

சொல்லிவிட்டாரே தவிர, வழித்து முடித்த கன்னத்தையே மறுபடியும் வழித்தார்.

அவள் தொலைபேசியை எடுத்துப் பாடகர் வீட்டு எண்ணை அழுத்தினாள். அந்த இணைப்பில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் அழுத்தினாள். வானொலி கேட்டவர்களெல்லாம் ‘மறைந்தார்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிறார்கள் போலும்.

ஒரு காலத்தில் புலவரும் பாடகரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். “என் பாட்டில் ஒரு பிழை காட்டுங்கள், பேனாவை முறித்துப்போடுகிறேன்” என்று பத்திரிகைக்குப் பத்திரிகை சவால் விட்டுக்கொண்டிருந்தார் புலவர். அந்தத் திறந்தவெளி அரங்கில் பாடிய அன்று, முன்வரிசையில் அந்தப் பத்திரிகைக்காரர்களே காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.

பாட்டு அன்று மாலைதான் எழுதி முடிந்தது. மை காயாத தாளோடு பாடகர் மேடையேறினார்.

எல்லா வரிகளையும் பாடினார். கடைசி வரியில் தாளைப் பார்த்தார், கண்ணை மூடினார், ‘ம்ம்ம்’ என்று மூக்காலேயே இழுத்து முடித்துவிட்டார்.

விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தவன் என்று ஊர் சிரித்தது. பிறகு அந்த முனகலிலேயே சொக்கிப்போனது. இசைத்தட்டிலும் முனகலே ஏறியது. புலவரின் வரி எவர் காதிலும் விழாமல் போயிற்று.

தம் பிள்ளையை விழுங்கிவிட்டான் என்று புலவர் அன்றோடு முகம் திருப்பிக்கொண்டார். பாடகரும் ஒரு சொல் விளக்கம் சொல்லவில்லை.

“அப்போ அந்தப் பொண்ணு என்னன்னு சொல்லியிருக்கணும்?” காதில் தொலைபேசியை வைத்தபடியே மனைவி கேட்டாள்.

“மறந்தார். ஒரு ஐகாரம் கூடிப்போச்சு.” கத்தியை நீரில் அலசினார். “இல்லைன்னா ஐகாரம் இருந்துட்டுப் போகட்டும், மெல்லினம் வல்லினமாகணும். மறைத்தார். அதுவும் இலக்கணப்படி குற்றமில்லை.”

“மறைச்சாரா? அண்ணன் எதை மறைக்கப் போறாரு? அப்படி என்னதாங்க இருந்துச்சு அந்த வரியில?”

பாடாத வரியை எதற்குச் சொல்வது என்று அவர் அவளிடம்கூட அதைச் சொன்னதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள்ளேயே வைத்துக் கொஞ்சினாரே ஒழிய, ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை.

இப்போது அதற்கு முந்தைய வரியோடு சேர்த்துக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

“கதவு மட்டும் திறக்காமல் காலம் சென்றது;
காற்றும் மழையும் உனக்காகக் காத்து நின்றது.”

கத்தி கன்னத்தருகே நின்றுவிட்டது.

காற்றும் மழையும். எழுவாய் இரண்டு.

நின்றது. பயனிலை ஒருமை.

‘சென்றது’ என்பதோடு இயைய வேண்டுமே என்று வைத்த சொல். பள்ளிப் பிள்ளை எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

விளம்பரம் முடிந்தது. “சற்றுமுன் வாசித்த குறிப்பில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது” என்றாள் அறிவிப்பாளர். “மறைந்தார் என்பதை மறந்தார் என்று திருத்திக்கொள்ளவும்.”

“கேட்டீங்களா? நீங்க சொன்னபடியே திருத்திட்டாங்க” என்றாள் மனைவி.

“அதுவும் பிழை” என்றார் புலவர்.

அவளுக்கு அது விளங்குமுன் மறுமுனையில் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். “அண்ணே, இருக்கீங்களா!” என்றாள். தொலைபேசியைக் கணவரிடம் நீட்டினாள்.

அவர் நுரையோடு இருந்த கன்னத்திலேயே அதை வைத்துக்கொண்டார்.

“நின்றன” என்றார்.

மறுமுனையில் அந்தப் பழைய குரல்.

“இப்பத்தான் கண்ணுல பட்டுச்சா?”

“நீயே மாத்திப் பாடியிருக்கலாமேடா.”

“மாத்தியிருந்தா, ‘சென்றது’க்கு ஒட்டாம இடிச்சிருக்கும், பத்திரிகைக்காரனுங்க தாளைப் பிடுங்கிப் பார்த்திருப்பானுங்க, தப்பு உன்னோடதுன்னு ஆயிருக்கும். மறந்துட்டேன்னா, என்னோடதுதானே.”