எண்பத்தேழாவது கிலோமீட்டர் வளைவு

"இந்த வளைவுக்கு எவ்வளவு வாங்கினீங்க, ரொதியோன் லூகிச்?"

லீதியா கர்போவ்னா கேட்ட கேள்வியில் வரைபட அறையே திரும்பிப் பார்த்தது.

ரயில்பாதை வடிவமைப்பு அலுவலகத்தில் கடைசிச் சோதனை அவருடையதுதான். அவரது சிவப்புப் பென்சிலைத் தாண்டாமல் ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம் ஒரு தண்டவாளமும் தரையில் படுத்ததில்லை.

நீராவி எஞ்சினை ஓரங்கட்டிவிட்டு மின்சார ரயில் விடப்போகிறார்கள். அது பறக்க வேண்டுமென்றால் பாதை நேராக இருக்க வேண்டும். பழைய பாதையில் நாற்பத்தொரு வளைவுகள். நாற்பதை நிமிர்த்திய பொறியாளர் ரொதியோன் லூகிச், எண்பத்தேழாவது கிலோமீட்டரில் இருந்ததை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்.

"அங்கே சதுப்பு நிலமுங்க. நேரா போட்டா தண்டவாளம் உள்ளே போயிடும்," என்றார், மேஜையைப் பார்த்தபடி.

"மண் பரிசோதனை அறிக்கையில பாறைன்னு போட்டிருக்கே?"

"அது பழைய அறிக்கை. நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷத்துல பாறை சேறாயிடுமா?"

பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். "அங்கே அவரோட மாமியாருக்கு முட்டைக்கோஸ் தோட்டம் இருக்காம்."

"எனக்குக் கல்யாணமே ஆகலைப்பா," என்றார் ரொதியோன் பாவமாக.

"அப்ப வரப்போற மாமியாரா இருக்கும்."

லீதியா கர்போவ்னா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலை ரயில்ல போறோம். நீங்களும் வர்றீங்க. அது பாறைன்னு தெரிஞ்சா வேலை மட்டும் போகாது, வழக்கும் வரும்."

மறுநாள் எண்பத்தேழாவது கிலோமீட்டர் நெருங்கியதும் ரயில் மூச்சிரைத்து, நடக்கிற வேகத்துக்கு வந்தது. பெட்டியில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஸ்டேஷன் எங்கே?"

"ஸ்டேஷன் கிடையாதுங்க. குதிக்கணும்," என்றார் ரொதியோன்.

"என்னது!"

பால் கேன் வைத்திருந்த ஒரு பெண் லீதியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "புதுசா? பயப்படாதீங்க. ரயில் போற பக்கம் பார்த்து நில்லுங்க. நான் சொல்றப்ப காலை வைங்க. ம்... இப்ப!"

ஐம்பத்திரண்டு வயதில், அத்தனை ரயில்வே விதிகளும் மனப்பாடமாக இருந்தும், லீதியா கர்போவ்னா ஓடும் ரயிலிலிருந்து குதித்தார். தொப்பி ஒரு பக்கம் போனது, குடை ஒரு பக்கம் போனது. எழுந்ததும் முதல் வேலையாகக் குடையைத் தேடி எடுத்துத் தரையில் ஓங்கிக் குத்தினார்.

குடையின் நுனி உடைந்தது.

"சதுப்பு நிலம்!" என்றார்.

ரொதியோன் தொப்பியை எடுத்துத் தந்தார். பால் கேன்காரிதான் பேசினாள்.

"எங்க ஊர் பேரு லிப்கி. அதோ, அந்த மரங்களுக்குப் பின்னாடி. ஸ்டேஷன் கேட்டு ஆறு தடவை மனு போட்டோம். முந்நூறு பேர் இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் தரமாட்டாங்களாம்."

"நீங்க எத்தனை பேர்?"

"இருநூத்துத் தொண்ணூத்தாறு. மூணு பொண்ணுங்க மாசமா இருக்காங்க. அப்பவும் ஒண்ணு இடிக்குது." அவள் ரொதியோனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு இங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டா சரியாயிடும்."

ரொதியோனின் காது சிவந்தது.

"வளைவு இருக்கிறதாலதான் ரயில் மெதுவாப் போகுது," என்றார் மெல்ல. "ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, எல்லாத்துக்கும் இவங்களுக்கு இந்த ரயில்தான். நிமிர்த்திட்டா நூறு கிலோமீட்டர் வேகத்துல போகும். எப்படி ஏறுவாங்க?"

லீதியா கர்போவ்னா அவரை முறைத்தார்.

திரும்பிப் போகிற ரயில் நாலு மணிக்கு வந்தது. அதே வளைவு, அதே நடை வேகம். கூட்டம் பக்கத்திலேயே ஓடியது.

"நகருங்க, நகருங்க! காத்யாவுக்கு வலி வந்திருச்சு!"

நிறைமாத வயிற்றோடு ஒரு பெண். இரண்டு பேர் கீழிருந்து தூக்க, இரண்டு பேர் மேலிருந்து இழுத்தார்கள். கால் ஒருமுறை படியிலிருந்து வழுக்கியது. லீதியா கர்போவ்னா குடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போய் அந்தக் காலைத் தாங்கிப் பிடித்தார். காத்யா உள்ளே போய்ச் சேர்ந்தாள்.

அடுத்து, "அலுவலக அம்மாவையும் ஏத்துங்கடி!" என்றது ஒரு குரல். பின்னாலிருந்து ஏழெட்டுக் கைகள் ஒரே தள்ளு. அவர் பெட்டிக்குள் மண்டியிட்டு வந்து விழுந்தார்.

மூச்சு வந்ததும், பின்னாலேயே ஏறிவந்த ரொதியோன் பக்கம் திரும்பினார். முகம் ஜிவுஜிவு என்றிருந்தது.

"நீங்களெல்லாம் ஒரு பொறியாளரா? அந்தப் பொண்ணு சக்கரத்துல விழுந்திருந்தா? இதுக்குப் பேரு உதவியா? வெட்கமா இல்லை?"

ரொதியோன் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் அலுவலகம் வந்ததும் ரொதியோன் மேஜையைக் காலி செய்யத் தொடங்கினார். தேநீர்க் கண்ணாடித் தம்ளர், ஸ்கேல், ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை, எல்லாம் பைக்குள் போனது. லீதியா கர்போவ்னா ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலைமைப் பொறியாளர் லீதியா எழுதித் தந்த அறிக்கையை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"'எண்பத்தேழாவது கிலோமீட்டரில் பொறியாளர் செய்திருப்பது அரைகுறை வேலை. அவரை வன்மையாகக் கண்டிக்கிறேன்.'"

ரொதியோன் கண்ணை மூடிக்கொண்டார்.

"'இவ்வளவு மோசமான வளைவில் வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. விதிப்படி ஒவ்வொரு ரயிலும் அங்கே மூன்று நிமிடம் நின்று, பிரேக்கைச் சோதித்த பிறகே புறப்பட வேண்டும்.'"

தலைமைப் பொறியாளர் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'பிரேக் சோதனையாளர் நிற்பதற்கு அறுபது மீட்டர் நீளத்தில் ஒரு மேடை, மழைக்கு அதன்மேல் கூரை, அவர் ஒருவர் உட்காருவதற்குப் பன்னிரண்டு பெஞ்சுகள் உடனே அமைத்துத் தரவும்.'"