சோற்றுக்குப் பேரம்

“மைக்கைக் கொடு தம்பி, ஒரே ஒரு கேள்விதான்,” என்று அமுதவள்ளி கையை நீட்டினாள்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ‘சோற்றை விடு, சுகத்தைத் தொடு’ என்ற பதாகைக்குக் கீழே டயட் மாஸ்டர் ஜெயந்திரன் ஒல்லியாக, பளபளப்பாக நின்றுகொண்டிருந்தார். யூடியூபில் அவர் பேச்சைக் கேட்டு அரிசி டின்னைக் கவிழ்த்த குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க உண்டு. எதிரே இரண்டு கேமரா. கூட்டம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

எழுந்து நின்றவளைப் பார்த்ததும் மாஸ்டர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடி நழுவி உருண்டது.

“நேரமாச்சு தனேஷ், முடிச்சிடலாம்,” என்றார். அதற்குள் அறிவிப்பாளர் தனேஷ் மைக்கைக் கொடுத்துவிட்டான்.

அமுதவள்ளி கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவள். ஒரு சேலைக்கு இருபது வெள்ளி குறைக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்பவர்களையெல்லாம் பார்த்தவள். பேரத்தில் முதலில் கண்ணை எடுக்கிறவர்தான் தோற்பார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் எடுக்கவில்லை.

“சார், என் மக பிள்ள பெத்து ஒரு மாசம்கூட ஆகல. பச்ச உடம்புக்காரி. புருஷன் வீட்டுல அவளுக்குச் சோறு கிடையாது.”

மண்டபம் சலசலத்தது.

“கொடுமைன்னு நினைச்சிடாதீங்க. தங்கமான மனுஷன்தான். ஆனா உங்க பேச்சுன்னா அவருக்கு வேதம். உங்க வீடியோவ அவர் பாக்கிற மாதிரி இங்க யாருமே பாத்திருக்க மாட்டீங்க. ஒரே வீடியோவத் திருப்பித் திருப்பிப் பாப்பார். பாத்துட்டு அவரே தலையாட்டிக்குவார்.”

கூட்டம் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

“காலையில முட்டை. மத்தியானம் புல்லு மாதிரி என்னமோ. ராத்திரி ஒரு கை பாதாம். நான் பூண்டு உரிச்சுப் போட்டு, நல்லெண்ண ஊத்தி, பத்தியக் குழம்பு வெச்சுத் தூக்கிட்டுப் போறேன். ஊத்திப் பிசையச் சோறு இல்ல. கொழம்ப டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறா சார். பாப்பா பாலுக்கு அழுவுது, இவ பசிக்கு அழுவுறா.”

“அம்மா, பால் கொடுக்கிறவங்களுக்கு வேற முறை இருக்கு…”

“எந்த வீடியோவுல சொன்னீங்க?”

மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இதெல்லாம் குடும்பத்துக்குள்ள பேசிக்க வேண்டிய விஷயம்மா.”

“குடும்பத்துக்குள்ள பேச எனக்கு ஏது சார் வாய்?”

தனேஷ் குறுக்கே வந்தான். “அவர்கிட்டயே நேரா சொல்லிடலாமே ஆன்டி. இதுல என்ன பயம்?”

“உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல போல தம்பி. எங்க பக்கத்துல மாப்பிள்ளை ஹால்ல உக்காந்தா மாமியா சமையக்கட்டுல நிப்பா. அவர் ‘சோறு விஷம்’னு சொன்னா, நானும் ‘ஆமாங்க’ன்னு தட்டைக் கழுவி வெச்சிட்டு வரணும். எதுத்து ஒரு வார்த்த பேசினா, நான் வீடு திரும்பினப்புறம் அது என் மக தலையிலதான் விடியும். சார் வாயால சொன்னா மட்டும்தான் அந்த மனுஷன் கேப்பார்.”

“சொல்லிடுங்க மாஸ்டர்,” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “எங்க வீட்லயும் இதே கதை லா. அவருக்கு ஒரு சமையல், பிள்ளைங்களுக்கு ஒரு சமையல், மிஞ்சினது எனக்கு. மத்தவங்க சமைக்கிற வீட்டுலதான் சார் உங்க டயட்டு நடக்கும்.”

பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் கேமராவைப் பார்த்தார். அமுதவள்ளியைப் பார்த்தார். முதலில் அவர்தான் கண்ணை எடுத்தார்.

“சரி. மத்தியானம் மட்டும் அரைக் கப். பிரவுன் ரைஸ்.”

“அரைக் கப்ப எங்க வீட்டுப் பூனை சாப்பிடும் சார். ரெண்டு கப். வெள்ளச் சோறு.”

“ஒரு கப்.”

“ஒன்றரை. ராத்திரிக்குக் கஞ்சி.”

“கஞ்சி வேணாம்மா.”

“அப்ப நான் உக்கார மாட்டேன். கடையப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்.”

தனேஷ் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டான். மாஸ்டர் பெருமூச்சு விட்டார். “சரி, கஞ்சியும்.”

“என்னைப் பாத்துச் சொன்னாப் பத்தாது. கேமராவப் பாத்துச் சொல்லுங்க. அந்த மனுஷன் கட்டாயம் பாப்பார்.”

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பிள்ள பெத்த வீட்டுல மத்தியானம் ஒன்றரைக் கப் சோறு, ராத்திரி கஞ்சி. பிள்ள பால் மறக்கிற வரைக்கும். மாமியார் சமைச்சுக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது.”

கைதட்டல் ஓயும்வரை அமுதவள்ளி உட்காரவில்லை. பிறகு முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே குரலை மட்டும் மிகவும் பணிவாகத் தாழ்த்தினாள்.

“அரிசி மூட்டை என் கார்லதான் இருக்குங்க. கூட்டம் முடிஞ்சதும் ஏத்திக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிடுங்க, மாப்பிள்ளை.”