டிங்கு ஓடிய சாலை

"போதும்மா, கால் எரியுது!"

"எரியுறது டிங்குவோட கால் சார். அது இன்னும் உங்க கார் பின்னாடிதான் ஓடிக்கிட்டிருக்கு."

கைவிட்ட நாயைத் திரும்பக் கேட்டு வருபவர்கள், நாயின் நினைவைக் காட்டும் நினைவுத் தொப்பியை மாட்டிக்கொண்டு, அது பட்டதைத் தாங்களும் ஒருமுறை பட்டாக வேண்டும். மீட்புக் குழுவின் விதி அது. பாதம் உரிந்து பைபாஸில் கிடந்த டிங்குவைத் தூக்கி வந்த மெர்லின், அதைக் கைவிட்டுப் போன ரொசாரியோவுக்கு அந்த நினைவை மூன்றாவது முறையாக ஓட்டினாள்.

முடிந்ததும் தொப்பியைக் கழற்றித் துடைத்து, சின்னத் தலைக்கு ஏற்றபடி இறுக்கினாள்.

"வெளிய நிக்கிற உங்க பொண்ணைக் கூப்பிடுங்க. வீட்டுல எல்லாரும் பாக்கணும்."

அவர் கைகூப்பினார்.

"டிங்கு தானா ஓடிப்போச்சுன்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன். அவளுக்கு மட்டும் காட்டாதீங்கம்மா."